குழந்தைகளே இல்லாத லைன் வீடு

“இங்க பதினெட்டு வயசுக்குக் கீழ ஒருத்தருமே இல்லீங்க” என்றார் சாந்தாமணி அக்கா.

சொன்ன இடம் திருப்பூர் பக்கம் முதலிபாளையத்தில் ஒரு லைன் வீட்டு வாசல். எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள், நடுவில் சிமெண்டுத் தரை, அதற்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகத் துணிக்கொடிகள். அக்காவின் தலைக்கு நேர் மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் ஜட்டி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கவுன், பொத்தான் போன பள்ளிக்கூட டவுசர். வாசற்படியில், நடந்தால் பீப்பீ என்று கத்துமே, அந்த மாதிரிக் குட்டிச் செருப்பு ஒன்று.

நார்வேயிலிருந்து வந்திருந்த மாணவர்கள் கொடியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் மொழிபெயர்ப்பாளர். அக்கா சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

எங்கோ ஒரு வீட்டுக்குள் டிவியில் கார்ட்டூன் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தார்கள்.

அலமாரியிலிருந்து வந்தவர்கள்

இரண்டு மூன்று வருடங்களுக்கு முந்தைய கதை இது. தைப் பொங்கல் நோம்பி முடிந்த கையோடு அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். படிப்பின் ஒரு பகுதியாக வெளிநாட்டு ஊர் ஒன்றில் சில வாரம் தங்க வேண்டும், அந்த மக்களோடு பழக வேண்டும், அவர்களுக்குப் பயன்படுகிற ஒரு வேலையைத் தங்கள் கையால் செய்துவிட்டுப் போக வேண்டும். கூடவே கண்டிப்பான ஒரு பேராசிரியை.

“ஊர் உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, திருப்பூரை ஏன் பிடித்தீர்கள்?” என்று கேட்டேன்.

“எங்கள் அலமாரித் துணியெல்லாம் இங்கிருந்துதானே வருகிறது” என்றாள் ஒரு பெண். பெயர் மாரித். வந்த அன்றைக்கே ஊர் அவளை ‘மாரி’ ஆக்கிவிட்டது. அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

நான் பனியன் கம்பெனிகளில் இருபது வருடத்துக்கு மேல் மெர்ச்சண்டைசராக இருந்தவள். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் சொல்வதைக் கம்பெனிக்கும், கம்பெனி சொல்வதை பையருக்கும், இரண்டு பக்கமும் நோகாமல் சொல்லுகிற வேலை. இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு அது தெரியும். கப்பல் ஏறிய பிறகு சாயம் போன சட்டைகளுக்காக நான் அழுத கதையை எழுதிவிட்டு, சாயப்பட்டறைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போன மாதம்தான்.

வேலையை விட்ட பிறகு நெருப்பெரிச்சல் என்கிற பகுதியில் என் வீட்டில் சும்மா இருந்தேன். மாணவர்களை வரவழைத்த தொண்டு நிறுவனம் மொழிபெயர்க்கக் கூப்பிட்டது. நாக்கு துருப்பிடிக்காமல் இருக்கட்டுமே என்று போனேன்.

பேராசிரியை முதல் நாளே எனக்கு ஒரு விதி போட்டார். “என்ன தேவை என்பதை அந்த மக்கள்தான் சொல்ல வேண்டும். மாணவர்களும் சொல்லக்கூடாது, நீங்களும் சொல்லக்கூடாது.” நல்ல விதிதான். ஆனால் வாயை மூடிக்கொண்டிரு என்று என்னிடம் சொல்வது, காக்காயைக் கரையாதே என்று சொல்வது மாதிரி.

லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் பழைய பால் சொசைட்டிக் கட்டடம் ஒன்று காலியாகக் கிடந்தது. மக்கள் என்ன கேட்கிறார்களோ, அதற்குத் தகுந்தபடி அதைச் சரிசெய்து கொடுப்பதாகத் திட்டம். பஞ்சாயத்தில் ஒப்புதல் வாங்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் யாரும் எதுவும் கேட்காவிட்டால், பல்லடம் பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் படம் வரையப் போய்விடுவார்கள்.

பிசிறு வெட்டும் வரவேற்பு

கூட்டத்தில் யோனாஸ் என்று ஒரு பையன். நம் ஊர் வாசல் நிலைகளையெல்லாம் நெற்றியால் அளந்தவன். முதல் நாள் லைன் வீட்டுக்குள் நுழைந்ததும் சாந்தாமணி அக்கா நேராக அவனிடம் போனார். அவன் சட்டையின் கீழ் மடிப்பைப் பிடித்துத் திருப்பினார். இடுப்பில் செருகியிருந்த குட்டிக் கத்தரியை எடுத்து, தொங்கிக்கொண்டிருந்த நூலை நறுக்கென்று வெட்டிவிட்டு, எதுவுமே நடக்காதது போலப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் இது வியாதி. காலையிலிருந்து பொழுது சாயும் வரை பிசிறு வெட்டுகிறவர்களுக்குத் தொங்குகிற நூலைக் கண்டால் கை நிற்காது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சட்டையில் வெட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பையனுக்கு இது எப்படித் தெரியும்? விருந்தாளி வந்தால் அவர் உடுப்பிலிருந்து ஒரு நூலை வெட்டி வரவேற்பது இவ்வூர் மரபு என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் மற்ற மாணவர்களும் அக்காவின் முன்னால் வரிசையில் நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்து, “ஏனம்மிணி, இவங்க ஊர்ல கத்தரியே கெடையாதா?” என்றார். கத்தரி ஓய்ந்த பிறகுதான் நான் உண்மையைச் சொன்னேன். யோனாஸ் காது வரை சிவந்துபோனான்.

சிரிப்புக்குக் குறைவில்லை. கேள்வி கேட்டால்தான் சிக்கல். தண்ணீர் எப்படி வருகிறது? “சுத்தமா வருதுங்க.” வேலை எத்தனை மணி நேரம்? “எட்டு மணி நேரந்தானுங்க.” உங்களுக்கு இங்கே என்ன குறை? “குறை ஒண்ணும் இல்லீங்க.” எந்த வீட்டில் கேட்டாலும் அதே பதில், அதே வார்த்தை, அதே புன்னகை. குழந்தைகளைப் பற்றிக் கேட்டபோதுதான், நான் மேலே சொன்ன பதில் வந்தது.

மாரித் காலடியிலிருந்த பீப்பீச் செருப்பை எடுத்து, யாருக்கும் தடுக்காமல் ஓரமாக வைத்தாள்.

பூங்கொடியின் திங்கட்கிழமை

அந்தச் செருப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். பூங்கொடியின் மகள் யாழினியுடையது.

பூங்கொடி நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில், தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங்கில் இருந்தாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறான். வீட்டுக்கு வருவது அமாவாசைக்கு ஒரு தடவை, பௌர்ணமிக்கு ஒரு தடவை. அன்று காலை மாணவர்கள் வருவதற்கு முன்னால், எனக்கு டீ ஆற்றிக்கொண்டே தன் கஷ்டத்தைச் சொன்னாள்.

“பக்கத்தூட்டு அம்மாதானுங்கக்கா பாப்பாவப் பாத்துக்கிட்டாங்க. ஞாயித்துக்கெழம அவங்க மக பிரசவத்துக்குத் தாராபுரம் போறாங்க. திங்கக்கெழமையில இருந்து நான் கம்பெனிய உட்டு நின்னுக்க வேண்டியதுதான்.”

“அங்கன்வாடி?”

“அது மத்தியானத்தோட முடிஞ்சு போகுது. நான் ஊடு வர பொழுது உழுந்துருதுங்களே.”

கம்பெனிக்குள் குழந்தையைக் கொண்டுபோகவே முடியாது. நின்றுவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவாள். செக்கிங் மேசையில் நல்ல பேர் வாங்க அவளுக்கு வருடக்கணக்கில் ஆகியிருந்தது. பால் சொசைட்டிக் கட்டடத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் வந்தால் அவள் பிழைத்தாள். அதைக் கேட்க வேண்டியது அவள்தான். கேட்பாள் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

கம்பெனி வேன் வருவதற்குள் மாரித் அவளிடமே கேட்டாள், “உங்களுக்கு ஏதாவது தேவை இருக்கிறதா?”

பூங்கொடி கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். “குறை ஒண்ணும் இல்லீங்க” என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவளை நாலு வார்த்தை கேட்க வாய் துடித்தது. விதி தடுத்தது. மொழிபெயர்த்தேன்.

வெள்ளைக்காரர் இரண்டு வகை

அன்று மாலை மாரித் என் வீட்டுக்கு வந்தாள். “எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்களே, ஏன்?” என்று கேட்டாள். அபிப்பிராயம் சொல்லத்தானே தடை, ஊர் வழக்கத்தை விளக்கத் தடையில்லையே என்று நானாகவே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு சொன்னேன்.

எங்கள் ஊருக்கு வெள்ளைக்காரர் இரண்டு வகை. ஒன்று பையர், இன்னொன்று, கம்பெனி விதிப்படி நடக்கிறதா என்று பையருக்காக ஆடிட் பார்க்க வருகிறவர். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஊட்டிக்குப் போகிற வழியில் காரில் தூங்கியபடியே எங்களைக் கடந்துவிடுவார்கள்.

ஆடிட் நாள் என்றால் கம்பெனி, பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி ஆகிவிடும். மாஸ்க் வரும், கையுறை வரும். கக்கூஸில் புது சோப்பு வரும். காணாமல் போயிருந்த முதலுதவிப் பெட்டிச் சாவி எங்கிருந்தோ வரும். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். வேலை எட்டு மணி நேரம். தண்ணீர் சுத்தம். குறை ஒன்றும் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் இல்லை.

கடைசிப் பதில்தான் எல்லாவற்றிலும் முக்கியம். அது ஏன் என்று சொல்ல சாந்தாமணி அக்காவின் கதைக்குப் போக வேண்டும்.

அக்காவின் மகள் அப்போது சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பரீட்சை முடிந்து மத்தியானமே வந்துவிட்டாள். வீட்டுச் சாவி அம்மாவிடம். கம்பெனிக்குள் வந்து கட்டிங் மேசைக்கு அடியில் உட்கார்ந்தாள். பொழுது போகாமல் கீழே கிடந்த துணித் துண்டுகளை எடுத்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் ஆடிட் வந்தது அன்றைக்குத்தான்.

குழந்தை, கையில் துணி, அதுவும் கம்பெனிக்குள்ளே. யார் என்ன சொல்லியும் எடுபடவில்லை. ஆர்டர் போய்விட்டது. கம்பெனியில் அக்காவோடு வேலை பார்த்த அத்தனை பேரும் அடுத்த சீசன் வரும் வரை வீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தர்கூட அக்காவை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும் என்று அவர் பிறகு என்னிடம் அழுதிருக்கிறார்.

அந்த மகள் இப்போது கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். ஆனாலும் வெள்ளைத் தோலோடு யார் வண்டியிலிருந்து இறங்கினாலும் அக்கா கையைத் தட்டுவார். லைன் வீட்டுக் குழந்தைகள் அத்தனை பேரும் கடைசி வீட்டுக்கு, நூர்ஜகான் வீட்டுக்கு, ஓடிவிடுவார்கள். கதவு சாத்தப்படும். டிவி போடப்படும். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

“வயதைக் கேட்கிற அந்தக் கேள்வியே குழந்தைகளைக் காப்பாற்றத்தானே?” என்றாள் மாரித்.

“ஆமாம்” என்றேன்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது. சூடாக இரண்டு பணியாரம் எடுத்து வைத்தேன். சாப்பிட்டாள்.

நம்பினால்தானே!

மறுநாள் காலை மாரித் லைன் வீட்டு நடுவில் நின்று ஒரு பிரசங்கமே செய்தாள். நாங்கள் பையர் இல்லை, எந்தக் கடைக்கும் வேலை செய்யவில்லை, வெறும் மாணவர்கள். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். பெண்கள் எல்லாரும் பொறுமையாகத் தலையாட்டினார்கள்.

சாந்தாமணி அக்கா என்னைத் தனியாக அழைத்தார். “நெசமா, அம்மிணி?”

“நிசமாத்தானுங்க அக்கா.”

“போன தடவ வந்தவங்களும் இப்பிடித்தான் சொன்னாங்க. ஊரச் சுத்திப் பாக்க வந்தோம்னாங்க. கடைசீல பாத்தா ஆடிட்டு. நீ வெள்ளந்தி, உனக்குத் தெரியாது.”

இருபது வருடம் பையர்களோடு மல்லுக்கட்டிய என்னை ஒருத்தர் வெள்ளந்தி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றும் குறை ஒன்றும் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை. பேராசிரியை பல்லடத்துக்கு வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டார். பூங்கொடி என் கண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

வீட்டுப்பாடம் எழுதாத முகம்

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு விடைபெறப் போனோம். கம்பெனி விட்டுவிட்டதால் பெண்கள் வீட்டில் இருந்தார்கள். குழந்தைகள் வழக்கம்போல நூர்ஜகான் வீட்டுக்குள். வண்டி ரோட்டில் நின்றது.

அப்போதுதான் யோனாஸ் மாட்டிக்கொண்டான். மாணவர்கள் தினமும் பார்த்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் வந்த நாளிலிருந்து ஒரு வரி எழுதவில்லை என்பது பேராசிரியைக்கு அந்த நேரம் பார்த்துத் தெரிந்துபோயிற்று. வாசல் என்றும் பார்க்கவில்லை, நாலு பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. பிடித்துக்கொண்டார்.

அவர்கள் மொழியில்தான் திட்டினார். மொழிபெயர்க்க அவசியமே இருக்கவில்லை. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்த நெட்டைப் பையன் தலையைத் தொங்கப் போட்டு, கால் கட்டை விரலால் சிமெண்டுத் தரையைச் சுரண்டினான். ஏதோ காரணம் சொல்ல வாயெடுத்தான். இன்னும் இரண்டு வாங்கினான். எந்த தேசமாக இருந்தால் என்ன, வீட்டுப்பாடம் எழுதாத முகம் ஒரே முகம்தான்.

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள்.

“அக்கோவ், இது ஆடிட்டு இல்லீங்க” என்று கடைசி வீட்டு ஜன்னலிலிருந்து நூர்ஜகானின் குரல் வந்தது. “ஆடிட்டுக்காரன இப்பிடி யாருங்க திட்டுவாங்க? இது நெசமாலுமே பள்ளிக்கோடத்துப் புள்ளைங்கதான்.”

சாந்தாமணி அக்கா அப்போதும் அசையவில்லை. “எல்லாம் நடிப்பா இருக்கும். சித்தப் பொறுங்க, போயிருவாங்க” என்றார்.

மாணவர்கள் ஒவ்வொருவராகக் கும்பிட்டுவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்கள்.

பூங்கொடி வாசற்படியில் நின்றிருந்தாள். சட்டென்று இறங்கிக் கடைசி வீட்டுக்குப் போனாள். கதவைத் தள்ளினாள். உள்ளே போய் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“பூங்கொடி, உள்ள போ” என்றார் அக்கா.

“திங்கக்கெழம நீங்க வந்து பாத்துக்குவீங்களா, அக்கா?”

பூங்கொடி பேராசிரியையின் முன்னால் போய் நின்றாள். “இது என்ற மகளுங்க. ரெண்டு வயசு முடிஞ்சிருச்சு. இவ எங்கியும் வேலைக்குப் போகலீங்க. நான் வேலைக்குப் போகோணும். போனா இவளப் பாத்துக்க ஆளில்லீங்க. அந்தப் பால் சொசைட்டில கொழந்தைங்கள வெச்சுப் பாத்துக்கற மாதிரி ஏதாவது செஞ்சு குடுங்க. இதச் சொன்னதுக்காக ஆர்டரு போகுதுன்னா, என்ற பேர எழுதிக்கங்க. மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லல.”

பாதி மொழிபெயர்த்து நின்று, பிறகு மீதியைச் சொன்னேன். பேராசிரியை குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“ஆர்டர் எதுவும் என் கையில் இல்லை” என்றார் அவர். “கட்டடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.”

அதற்குள் சாந்தாமணி அக்கா நடந்துபோய் நூர்ஜகான் வீட்டுக் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டார். “வாங்க கண்ணுகளா, வெளிய வாங்க” என்றார். வந்தார்கள். சின்னதும் பெரிதுமாக, மூக்கொழுகிக்கொண்டும் முறுக்கு கடித்துக்கொண்டும் வந்துகொண்டே இருந்தார்கள். மாரித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

திங்கட்கிழமை காலை

பல்லடம் வண்டி திரும்பிப் போயிற்று. சனியும் ஞாயிறும் அந்தப் பிள்ளைகள் தலையிலிருந்து கால் வரை சுண்ணாம்பாக நின்றார்கள். யோனாஸுக்கு ஏணியே தேவைப்படவில்லை. நூர்ஜகான் முதுகு வலியால் கம்பெனியை விட்டவள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவளே முன்வந்தாள். அவளுக்குச் சம்பளம் தர தொண்டு நிறுவனம் ஒப்புக்கொண்டது.

திங்கட்கிழமை பாதி அறைதான் தயார். மீதிப் பாதியில் இன்னும் பெயிண்ட் வாசம். வேடிக்கை பார்க்கும் ஆசையில் நானும் விடிந்ததும் போய்விட்டேன்.

பூங்கொடி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாற்றுத் துணி, தண்ணீர் பாட்டில், டப்பாவில் பருப்புச் சாதம். சோற்றை எப்படிப் பிசைந்து கொடுக்க வேண்டும், எந்தப் பக்கம் படுக்க வைத்தால் தூங்குவாள் என்று நூர்ஜகானுக்குச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

“அழுவாளுங்க. அழுதா என்ற பழைய சேலை ஒண்ணு பையில இருக்குது. அதக் குடுங்க, அடங்கிருவா.”

பிறகு குனிந்து மகளின் கன்னத்தைப் பிடித்தாள். “அம்மா போய்ட்டுப் பொழுதோட வந்தர்றேன், சாமி. அழுவக்கூடாது.”

யாழினி அவள் கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள். மூலையில் ஒரு பையன் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து தானும் தட்ட ஆரம்பித்தாள். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்று நாங்கள் எல்லாரும் நின்றோம். பார்க்கவில்லை.

கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. பூங்கொடி நகரவில்லை.

“என்ன பூங்கொடி, நீ கேட்டது கெடச்சிருச்சே. கெளம்பு” என்றேன்.

“ஆமாங்கக்கா” என்றாள். கண் இரண்டும் நிறைந்திருந்தது. “அழுவா, எப்பிடிச் சமாளிக்கறதுன்னு விடிய விடிய ரோசன பண்ணீட்டு வந்தனுங்க. அழாமப் போனா என்ன பண்றதுன்னு ரோசன பண்ணவே இல்லீங்க.”

வேன் இன்னொரு தடவை ஹாரன் அடித்தது. பழைய சேலையைப் பையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.